சுண்டுவிரல் இடைவெளி

மார்ச் 2

ரேடியோவுக்கு,

நான்தான். கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். இரண்டு வருடமாகப் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

ஒரு கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன். அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்த அன்று, வீடு முழுக்க ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது, நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "மேலேருந்து கை விட்டா கீழதான்டி விழுவாங்க. அது புவியீர்ப்பு. யார் என்ன பண்ண முடியும்?" என்றாய். ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று அத்தை பிறகு உனக்காகப் பேசினார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

மறுவாரம் வகுப்பில் அதே பாடம் வந்தது. உயரத்திலிருந்து ஒரு கல் விழுகிறது, எத்தனை வினாடியில் தரையைத் தொடும் என்று ஒரு கணக்கு. டீச்சர் என்னைத்தான் எழுப்பினார். கல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு அப்பா தெரிந்தார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. நான் படிப்பை விட்டது உனக்குத் தெரியும். எதனால் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது நீ காலேஜில் அதையே படிக்கிறாய். அதனால் கேட்கிறேன். பூமி இழுக்கிறது என்றாய். ஏன் இழுக்கிறது? அதை நீ சொல்லவே இல்லை.

நான் இப்போது துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் பிசிறு வெட்டுகிறேன். தைத்த சட்டையில் தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கிற வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் மாடியில் வேலை, மூன்றாம் மாடியில் படுக்கை. மூன்றாம் மாடி முன்பு ஒரே கூடமாக இருந்ததாம். நடுவில் ஒரு சுவரை எழுப்பி, இந்தப் பக்கம் எங்கள் கட்டில்களைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் குடோன். துணி ரோல்களை அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் ஆள் நீளம், இரண்டு பேர் தூக்க வேண்டும். என் கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே ரோலைப் போட்டால் இங்கே கட்டில் அதிரும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஜன்னல் பக்கம் நான் போவதே இல்லை.

அப்பா சுவர் கட்டும்போது நேர் பார்க்கிற தூக்குக்குண்டைக் கொண்டுவந்திருக்கிறேன். தலைமாட்டில் உயரமாக ஆணி அடித்து நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நூலுக்கும் சுவருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் சரியாக நுழையும், மேலேயும் கீழேயும். காலையில் எழுந்ததும் விரலை விட்டுப் பார்ப்பேன். அப்பா அப்படித்தான் பார்ப்பார். "சுவர் கோணினா குண்டு காட்டிக் கொடுத்துடும், அதுகிட்ட சமாளிக்க முடியாது" என்று சிரிப்பார்.

இங்கே போன் வைத்துக்கொள்ளக் கூடாது. வருகிற கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் பார்த்து எழுது. போகிற கடிதத்தை வாட்ச்மேன் தபால்பெட்டியில் போட்டுவிடுவார், அவர் படிக்க மாட்டார்.

இப்படிக்கு,
கோட்டான் (நீ வைத்த பெயர்தான்)


மார்ச் 7

அடி ஊமைக்கோட்டானே,

கிழிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அறையில் இருப்பவள், "யாருடி அந்தப் பையன்?" என்று மூன்று நாளாகக் குடைகிறாள். என் மாமா பெண் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

நீ எழுதியதில் ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எது என்று உனக்கே தெரியும். எனக்கு அப்போது பதினைந்து வயது. வாய் சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்று எதையோ உளறினேன். இதற்கு மேல் எழுத வரவில்லை. பாடத்துக்கு வருகிறேன், அதுதான் எனக்கு வரும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பூமி மட்டும் இழுக்கவில்லை. எல்லாம் எல்லாவற்றையும் இழுக்கிறது. நீ இந்தக் காகிதத்தை இழுக்கிறாய், காகிதம் உன்னை இழுக்கிறது. உன் கத்தரி, கட்டில், பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறவள், எல்லாரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எதில் பொருள் அதிகமாக அடைந்திருக்கிறதோ அது அதிகமாக இழுக்கும். தூரம் கூடக் கூட இழுப்பு சட்டென்று குறைந்துவிடும். பூமியில் அடைந்திருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை, அதனால் அதன் இழுப்பு மட்டும் நமக்குத் தெரிகிறது.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பூமி நம்மை எவ்வளவு இழுக்கிறதோ, நாமும் பூமியை அதே அளவு இழுக்கிறோம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது பெருத்த உடம்பு, அசைந்தால் தெரியாது, அவ்வளவுதான். மாமா கீழே வந்தபோது பூமியும் அவரை நோக்கி மேலே வந்தது. அளக்கவே முடியாத ஒரு துளி. ஆனால் வந்தது.

உன் தூக்குக்குண்டு பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பெரிய மலையின் அடிவாரத்தில் தூக்குக்குண்டைக் கட்டினால் அது நேராகத் தொங்காதாம். மலை தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம்! முன்னொரு காலத்தில் அதை அளந்து, அதிலிருந்து பூமியே எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். குண்டு பொய் சொல்லாது என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார் பார், அதையும் ஏமாற்ற ஆள் இருக்கிறது.

ஏன் இழுக்கிறது என்பது அடுத்த பாடம். எனக்கே கொஞ்சம் குழப்பம். படித்துவிட்டு எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் வார்டன் அம்மாவுக்கும் என் வணக்கம்.

ரேடியோ


மார்ச் 12

ரேடியோவுக்கு,

வார்டனுக்கு வணக்கம் போட்டு என் மானத்தை வாங்கிவிட்டாய். கடிதத்தைக் கொடுக்கும்போது, "உன் அத்தை பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்றார். ஆனால் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பூமி மேலே வந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். கெட்ட அழுகை இல்லை. இத்தனை நாள், ஏதோ ஒன்று கீழே வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது, அப்பாவை விழுங்கிவிட்டது, அடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், நீ நாற்காலியைப் பிடித்துக்கொள்.

என் குண்டு சாய்ந்திருக்கிறது.

இந்த மாதம் பெரிய ஆர்டராம். லாரி லாரியாக ரோல் வந்து இறங்குகிறது. குடோனில் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டார்கள். நேற்றுக் காலை வழக்கம் போல விரலை விட்டேன். மேலே நுழைந்தது. கீழே நகம் மட்டும்தான் நுழைந்தது. திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன். அப்பா சொன்னதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. சுவர் அந்தப் பக்கம் சாய்கிறதோ என்று நினைத்தேன். காலை முழுக்க வேலையே ஓடவில்லை. ஒரு சட்டையில் நூலுக்குப் பதில் துணியையே வெட்டித் திட்டு வாங்கினேன்.

மதியம் உன் கடிதம் கிடைத்தது. மலை குண்டை இழுக்கும் என்று இருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மலை மாதிரிதானே ரோல்கள் கிடக்கின்றன? அதுதான் இழுக்கிறது. சுவர் அப்படியேதான் இருக்கிறது. படித்தவளைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் யாரிடமும் சொல்லவும் முடியாமல், தூங்கவும் முடியாமல் கிடந்திருப்பேன்.

ஏன் இழுக்கிறது என்று சீக்கிரம் எழுது.

கோட்டான்


மார்ச் 16

கோட்டானே, கோட்டானே,

நாற்காலியோடு விழுந்தேன். மலையடிவாரத்துக்குப் போய், ஆட்களை வைத்து, மாதக்கணக்கில் குளிரில் கிடந்து பார்த்ததை நீ கட்டிலில் படுத்துக்கொண்டே பார்த்துவிட்டாயா? நாங்கள் இங்கே புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். எங்கள் இயற்பியல் மேடம் லீவில் இருக்கிறார். வந்ததும் முதல் வேலையாக உன்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். "என் மாமா பொண்ணு, பேரு கோட்டான்" என்று ஆரம்பிப்பேன்.

சரி, ஏன் இழுக்கிறது? எவ்வளவு இழுக்கிறது என்பதற்குப் பழைய கணக்கு இருக்கிறது. ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை. பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். இழுப்பு என்ற ஒன்றே கிடையாதாம். கனமான பொருள் தன்னைச் சுற்றியிருக்கிற இடத்தையே வளைத்துவிடுகிறது. மற்றதெல்லாம் அந்த வளைவில் தன் பாட்டுக்குப் போகிறது. நமக்கு இழுபடுவது போலத் தெரிகிறது.

இதற்கு இரண்டு உதாரணம் படித்தேன். ஒன்று, விறைப்பாகக் கட்டிய துணியில் கனமான குண்டை வை. துணி குழியும். பக்கத்தில் கோலி ஒன்றை உருட்டினால் அது குழியை நோக்கிப் போகும். இன்னொன்று, பெரிய உருண்டை ஒன்றின் இடுப்பில் இரண்டு எறும்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் கோணாமல் நேராக மேலே நடக்கின்றன. நடக்க நடக்க நெருங்கி, உச்சியில் முட்டிக்கொள்ளும். ஒன்றை ஒன்று இழுக்கவில்லை. அவை நடக்கிற தரைதான் வளைந்திருக்கிறது.

புரிந்ததா? புரிந்தால் எனக்கும் விளக்கு.

ரேடியோ


மார்ச் 20

ரேடியோவுக்கு,

எறும்பு உதாரணம் புரிந்தது. நூல் உருண்டை ஒன்றின் நடுவில் இரண்டு சிவப்பு நூலைப் பக்கத்தில் பக்கத்தில் குத்தி, இரண்டையும் நேராக மேலே ஒட்டிக்கொண்டு போனேன். உச்சியில் ஒன்றாகிவிட்டன. யாரும் இழுக்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது.

துணி உதாரணம்தான் எனக்கு ஏறவில்லை. கேட்டால் சிரிப்பாயோ என்னவோ. துணியில் குண்டை வைத்தால் குழிகிறது என்றால், பூமி குண்டைக் கீழே இழுப்பதால்தானே குழிகிறது? இழுப்பு எதனால் என்று கேட்டால் அதற்குள்ளும் ஒரு இழுப்பு வந்துவிடுகிறதே. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன். பதில் எழுது.

குண்டு இப்போது சுவரைத் தொட்டுவிட்டது. நகம்கூட நுழையவில்லை. இன்னும் ரோல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. குடோனில் இடம் இல்லாமல் வாசல் வரைக்கும் அடுக்குகிறார்கள். பக்கத்துக் கட்டில் அக்காவிடம் மட்டும் குண்டைக் காட்டினேன். தையல் மெஷினில் இருக்கிறவர், வாய்க்காரி. "ரோல் இழுக்குதா? என் மூட்டுவலியையும் அதுவே இழுத்துக்கிட்டா நல்லாயிருக்கும்" என்றார்.

எங்கள் அறைக் கதவு இப்போது தரையில் உரசுகிறது. இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது. அந்த அக்கா மரம் ஊறியிருக்கும் என்கிறார். மழையே இல்லை. காலையில் என் போர்வை மேல் மாவு மாதிரி வெள்ளையாகத் தூசி கிடந்தது. உதறிவிட்டு மடித்து வைத்தேன். ரோல்கள் கதவையும் இழுக்குமா? கதவு பெரியதாயிற்றே, இழுக்கத்தானே செய்யும்?

நான் பயப்படவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், பயம் வரும்போது எடுத்துப் படிக்கிறேன். ஆனால் மேடம் வந்ததும் கேட்டுவிடு. சீக்கிரம் கேள்.

கோட்டான்


மார்ச் 21

இதைப் படித்த உடனே அந்த அறையை விட்டு வெளியே வா. மீதியை வெளியே வந்து படி.

மேடம் வந்துவிட்டார். உன் கதையை நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு நகர்ந்துச்சுன்னு சொன்ன?" என்று கேட்டார். சுண்டுவிரல் பருமன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

அப்புறம் என்னையே கரும்பலகைக்கு அனுப்பிக் கணக்குப் போட வைத்தார். குடோன் முழுக்க ரோல் நிறைந்திருந்தாலும் அந்த இழுப்புக்கு உன் குண்டு எவ்வளவு நகரும் தெரியுமா? ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால், அதில் ஒரு இழை. கண்ணுக்கே தெரியாது. மலையே இழுத்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாதாம். தொலைநோக்கி வைத்து நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. பாதி படித்துவிட்டு உனக்கு அளந்துவிட்டேன்.

குண்டு நகரவில்லை. சுவர்தான் நகர்ந்திருக்கிறது. மாமா சொன்னதுதான் சரி. ரோல்களின் கனத்தில் அந்தப் பக்கத் தரை இறங்குகிறது, சுவர் அதோடு போகிறது.

உன் பயம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதைத் தட்டித் தூங்க வைத்துவிட்டேன்.

வார்டன் அம்மா, இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். எல்லாரையும் வெளியே அனுப்புங்கள்.


மார்ச் 25

ரேடியோவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. துணி உதாரணத்தைப் பற்றி அப்படிக் கேட்டது தப்பா? கோபமாக இருந்தாலும் இதற்கு மட்டும் பதில் எழுது.

முந்தாநாள் ஆட்கள் வந்து எல்லா ரோல்களையும் கீழே வெட்டும் பிரிவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். குடோன் காலி. நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. ஓடி வந்து விரலை விட்டுப் பார்த்தேன். இழுத்தது போய்விட்டதே, குண்டு பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா?

வரவில்லை. அப்படியே சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

நேற்று முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றும் வரவில்லை. ரோல்கள் இழுக்கவில்லை, இல்லையா? அப்பாவுக்குத் தெரிந்த விஷயம் எனக்கும் தெரியும். தெரிந்தும் தள்ளி வைத்தேன். புத்தகத்தில் இருப்பது அப்பாவுக்குத் தெரிந்ததைவிடப் பெரியது என்று நினைத்துவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை. நம்பினால் தூங்கலாம் என்று இருந்தது, நம்பினேன்.

கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். சுவர் தரையைத் தொடுகிற இடத்தில் விரிசல். காலையில் சூப்பர்வைசர் ஆளை விட்டு அதில் சிமென்ட் பூசச் சொன்னார். மத்தியானம் அந்தப் பூச்சிலும் முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது.

வார்டன் தன் கட்டிலைக் கீழே வாசல் அறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். முதுகு வலி, படி ஏற முடியவில்லை என்றார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

நாளையிலிருந்து காலிக் குடோனில் துணி துவைக்கிற பெரிய இயந்திரங்களை வைக்கப் போகிறார்களாம். உள்ளே தண்ணீர் நிறைத்துச் சுழலும். முதல் இரண்டு இயந்திரம் நாளைக்கு வரும், மற்றதெல்லாம் அதற்கு இரண்டு நாள் கழித்து லாரியில் வரும். சூப்பர்வைசர் கையைத் தட்டிச் சந்தோஷமாக அறிவித்தார்.

அவரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். மேஜைக்கு முன்னால் நின்றேன். வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீச்சர் என்னை எழுப்பியபோது இருந்ததே, அதேதான். அவர் தலையைத் தூக்கி, "என்னம்மா, பாத்ரூம் போகணுமா?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

என் கட்டில் மட்டும் இல்லை. அந்த அறை முழுக்கப் பெண்கள். பக்கத்துக் கட்டில் அக்கா இப்போது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லாவிட்டால் இவர்களில் யாருக்கும் தெரியாது. சொல்லவும் வரவில்லை. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. கட்டிடத்தைப் பார்த்துக்கூட இவ்வளவு பயம் இல்லை. எழுந்து நின்று பேசுவதை நினைத்தால்தான் உயிர் போகிறது.

கோட்டான்


மார்ச் 27

என் கடிதம் கிடைத்ததா? நீ அதற்கு முன்னால் எழுதிய கடிதம்தான் எனக்கு வந்திருக்கிறது. கதவும் உரசுகிறது, தூசியும் விழுகிறது என்று எழுதிவிட்டு "நான் பயப்படவில்லை" என்கிறாய். 

உன் விடுதி நம்பரை இப்போதுதான் தேடிப் பிடித்து மூன்று தடவை போன் செய்தேன். வார்டன்தான் எடுத்தார். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ பொண்ணுங்களைப் பயமுறுத்தாத" என்றார். மூன்றாவது தடவை, நானே நேரில் வருகிறேன் என்றேன். மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் வைத்துவிட்டார்.

நாளைக் காலை பஸ் ஏறுகிறேன். இரண்டு நாள் ஆகும். துணி உதாரணத்தில் நீ சொன்னதுதான் சரி, மேடமும் அதையே சொன்னார். வந்து சண்டை போடு. எனக்காக இரு.


மார்ச் 29

ரேடியோவுக்கு,

வார்டனிடம் போனில் சொன்னபடி நீ கிளம்பியிருந்தால் இந்தக் கடிதம் உன் அறைக் கதவடியில் கிடக்கும், நீ என் எதிரில் இருப்பாய். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நேரில் இவ்வளவு என்னால் பேச முடியாது.

நான் இருக்கிறேன். எல்லாரும் இருக்கிறோம்.

நேற்றுக் காலை ஆணியிலிருந்து தூக்குக்குண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். முதல் இரண்டு இயந்திரங்கள் முன்பே மேலே ஏறிவிட்டன. மற்றவற்றை ஏற்றிய லாரி வாசலில் நின்றது. அது பின்னால் வந்து நிற்க வேண்டிய இடத்தில், முற்றத்தில், தரையில் உட்கார்ந்தேன். திட்டம் எதுவும் இல்லை. சூப்பர்வைசரிடம் போய் நிற்கக் கால் வரவில்லை. திரும்ப மேலே போகவும் கால் வரவில்லை. உட்காரத்தான் முடிந்தது.

லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"ஏய், வழியில என்ன உட்கார்ந்திருக்க? எந்திரி, மேல போ."

"போக மாட்டேன்."

"என்னது?"

"போக மாட்டேன் சார். சுவர் சாயுது."

"நீ என்ன இன்ஜினியரா?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். கையைத் திறந்து குண்டைக் காட்டினேன்.  அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கட்டில் அக்கா இறங்கி வந்தார். "என்னடி, நீயா பேசுன? உன் குரலை இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார். குண்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மூட்டுவலி என்று கேலி செய்தவர், ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நானும் போகல சார். முட்டி மடங்கிடுச்சு, இனி எந்திரிக்க முடியாது."

அவர் மெஷின் வரிசையில் இருக்கிற இரண்டு பேர், அக்கா ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்க்க வேறு சிலர் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. கூட்டம் பெரிதாகப் பெரிதாக மேலேயிருந்து ஆட்கள் வேகமாக இறங்கி வந்தார்கள், ஈரத் தலையோடு, பல் துலக்குகிற பிரஷோடு. நீ எழுதியிருந்ததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எதில் அதிகம் அடைந்திருக்கிறதோ அது அதிகமாக இழுக்கும் என்று.

கடைசியாக வார்டன் வந்தார். சூப்பர்வைசர், "நல்ல வேளை வந்தீங்க, இதுங்களைக் கிளப்புங்க" என்றார். வார்டன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். மடித்து மடித்துப் படித்ததில் ஓரமெல்லாம் நைந்திருந்தது. "வந்து நாலு நாளாச்சு. வேலை போயிடும்னு இருந்துட்டேன்" என்றார். என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அவரும் என்னை மாதிரிதான், வாய் வராதவர். அப்புறம் சூப்பர்வைசரைப் பார்த்து, "நானும் போகல" என்றார்.

சூப்பர்வைசர் கோபத்தோடு மேலே ஏறினார், சுவர் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டப் போகிறாராம். எங்கள் அறைக் கதவை அவர் உதைக்கிற சத்தம் கேட்டது. திறக்கவில்லை. பிறகு அவர் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவ்வளவு வேகமாகப் படியில் யாரும் இறங்கிக் கேட்டதில்லை. வந்து லாரிக்காரரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார், உள்ளே மிச்சம் இருந்தவர்களையும் வெளியே வரச் சொன்னார்.

மத்தியானம் விழுந்தது. இடிச்சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் ஜன்னல் வழியாகத் தூசிதான் வந்தது. என் போர்வையில் கிடந்ததே, அதே வெள்ளை. சத்தம் அப்புறம்தான். அந்தச் சுவரும், குடோன் தரையும், எங்கள் அறையில் பாதியும் இரண்டு இயந்திரங்களோடு கீழ்த்தளம் வரைக்கும் போய்விட்டன. என் கட்டிலின் ஒரு கால் மட்டும் மேலே விளிம்பில் தொங்கியது. எல்லாரும் அலறினார்கள். நான் குண்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பூமி ஒரு துளி மேலே வந்திருக்கும் என்று தோன்றியது. 

எங்களை ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். தரைத்தளம்தான், மேலே ஓடு, மாடி இல்லை. நான் படுத்திருக்கிற வகுப்பில் கரும்பலகை இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அதற்குப் பக்கத்தில் யாரோ அடித்த ஆணி ஒன்று இருந்தது. குண்டை அதில்தான் கட்டியிருக்கிறேன். சுண்டுவிரல் மேலேயும் நுழைகிறது, கீழேயும் நுழைகிறது. இதை எழுதும்போது நடுவில் நாலைந்து தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அந்த அக்காவும் போய் விரலை விட்டுப் பார்க்கிறார். அவர் விரல் தடிமன், நுழையவில்லை. "ஐயோ, சாயுது!" என்று கத்தி எல்லாரையும் எழுப்பிவிட்டார். அப்புறம் ஒவ்வொருத்தியாக வரிசையில் வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்கள்.

ஏன் இழுக்கிறது என்பதற்கு நீ இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. வந்ததும் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல். பாதி தெரிந்ததை மட்டும் சொல்லாதே.

கோட்டான்